அணைந்திருக்கும் நேரத்தின் செலவு

முன்வரிசையில் நோட்டும் கையுமாக உட்கார்ந்திருக்கும் மாணவர்களே, இன்றைய பேச்சு முக்கியமாக உங்களுக்குத்தான்.

நான் எடுத்துக்கொண்டிருப்பது மிகச் சிறிய சர்க்யூட். ஒரு சிவப்பு எல்இடி வினாடிக்கு ஒரு முறை மின்னி அணைய வேண்டும். இரண்டு பென்டார்ச் செல் போட்டுவிட்டால் வருடக்கணக்கில் அதைத் திரும்பிப் பார்க்கக் கூடாது. இது யாருக்கு வேண்டும் என்று கேட்கலாம். கரன்ட் போன இரவில் டார்ச் எங்கே இருக்கிறது என்று காட்ட வேண்டும். மருத்துவமனை மாடிப்படியில் தீயணைப்புக் கருவி இருக்கும் இடம் தெரிய வேண்டும். கடலில் விட்ட வலையின் மிதவை இருட்டில் கண்ணுக்குப் பட வேண்டும். இந்த இடங்களில் எல்லாம் மின் இணைப்பு கிடையாது, அடிக்கடி பேட்டரி மாற்றவும் ஆள் கிடையாது.

இப்படி ஒரு விளக்கைச் செய்யச் சொன்னால் நம் மாணவர்கள் முதலில் எல்இடிக்கு எத்தனை மில்லி ஆம்பியர் கொடுப்பது என்றுதான் யோசிக்கிறார்கள். அது தேவையான கணக்குதான். ஆனால் நான் இன்று செய்யப்போகும் விளக்கு ஒவ்வொரு வினாடியிலும் 5 மில்லி வினாடிதான் எரியும். மீதி 995 மில்லி வினாடி அணைந்தே இருக்கும். அந்த 995 மில்லி வினாடியில் சர்க்யூட் என்ன செய்துகொண்டிருக்கிறது, எவ்வளவு குடிக்கிறது என்ற கேள்விதான் பேட்டரியின் ஆயுளைத் தீர்மானிக்கிறது. இன்று நான் சொல்ல வந்தது இந்த ஒன்றைத்தான்.

இந்தக் கேள்வியை டிரான்சிஸ்டர் பிறப்பதற்கு முன்பே ஒருவர் கேட்டு விடையும் கண்டார். ஸ்வீடன் நாட்டுப் பொறியாளர் குஸ்தாவ் தாலேன். அந்தக் காலத்தில் ஆள் இல்லாத பாறைகளிலும் மிதவைகளிலும் இருந்த வழிகாட்டி விளக்குகளில் அசெட்டிலின் வாயு எரிந்தது. வாயு உருளை தீர்ந்தால் படகில் போய் மாற்ற வேண்டும். புயலோ பனியோ வந்தால் அதுவும் முடியாது. 1905 வாக்கில் தாலேன் ஒரு மினுக்கு வால்வை உருவாக்கினார். வாயு சிறு அறையில் நிரம்பும், அழுத்தம் ஏறியதும் ஒரு சவ்வு தள்ளப்படும், வாயு குப்பென்று வெளியேறிப் பற்றிக்கொள்ளும். வினாடியில் பத்தில் ஒரு பங்கு வெளிச்சம், ஒன்பது பங்கு இருட்டு. வாயுச் செலவில் 90 சதவீதம் மிச்சம்.

அதோடு அவர் நிற்கவில்லை. பகலில் விளக்கு எதற்கு என்று கேட்டார். 1907-ல் சூரிய வால்வு வந்தது. பளபளப்பாக மெருகேற்றிய மூன்று உலோகத் தண்டுகளும் கறுப்புப் பூசிய ஒரு தண்டும் அதில் இருந்தன. வெளிச்சம் பட்டால் கறுப்புத் தண்டு அதை உறிஞ்சிச் சூடாகி மற்றவற்றைவிடக் கூடுதலாக நீளும், வாயு வழி அடைபடும். பொழுது சாய்ந்தால் தண்டு சுருங்கி வழி திறக்கும். கடிகாரமும் இல்லை, காவலாளும் இல்லை. 1912-ல் ஒரு சோதனையின்போது நடந்த அசெட்டிலின் வெடிப்பில் தாலேன் இரு கண்களையும் இழந்தார். அதே ஆண்டு இயற்பியலுக்கான நோபல் பரிசு அவருக்கு அறிவிக்கப்பட்டது. அவருக்குப் பதிலாகப் பரிசை வாங்கியவர் அவருடைய சகோதரர் ஆல்பின், ஒரு கண் மருத்துவர். கடலோடிகளின் கண்ணுக்கு வழிகாட்டிய மனிதர் அதற்குப் பின் ஒரு வெளிச்சத்தையும் பார்க்கவில்லை. ஆனாலும் 1937-ல் இறக்கும்வரை தன் நிறுவனத்தை நடத்தினார்.

அவருடைய விளக்கில் நமக்குப் பாடமான ஓர் அம்சம் உண்டு. ஒவ்வொரு முறையும் வாயுவைப் பற்றவைக்க ஒரு சிறு சுடர் எப்போதும் எரிந்துகொண்டிருந்தது. பெரிய சுடர் அணைந்திருக்கும்போதும் அது எரியும். அதை எவ்வளவு சின்னதாக்க முடியும் என்பதில்தான் சிக்கனம் இருந்தது. நம் சர்க்யூட்டிலும் அப்படி ஒரு சிறு சுடர் உண்டு. அதைத் தேடிப் பிடிக்க வேண்டும்.

எல்லாரும் முதலில் கை வைக்கும் 555 ஐசியிலேயே தேடுவோம். ஹான்ஸ் கமென்ஸிண்ட் 1971-ல் வடிவமைத்தது, 1972-ல் சந்தைக்கு வந்தது. எனக்கு மிகவும் பிடித்த ஐசி, இன்றும் மாணவர்களுக்கு முதலில் அதைத்தான் கொடுக்கிறேன். ஆனால் அதற்குள் மூன்று ரெசிஸ்டர்கள் வரிசையாக மின்னழுத்தத்தைப் பங்கு போட்டபடி எப்போதும் நிற்கின்றன, இரண்டு ஒப்பீட்டுச் சுற்றுகள் எப்போதும் விழித்திருக்கின்றன. பழைய வகை 555 வெறுமனே இருக்கவே 5 வோல்ட்டில் 3 மில்லி ஆம்பியர் கேட்கும், 9 வோல்ட்டில் 5, 6 மில்லி ஆம்பியர். 9 வோல்ட் ஆல்கலைன் பேட்டரியின் கொள்ளளவு சுமார் 500 மில்லி ஆம்பியர் மணி. ஆறால் வகுத்துப் பாருங்கள், 83 மணி நேரம். எல்இடி ஒரு முறைகூட எரியாவிட்டாலும் நான்காம் நாள் பேட்டரி காலி. சிமாஸ் வகை 555 வாங்கினால் இது 100 மைக்ரோ ஆம்பியர் அளவுக்கு இறங்கும். பெரிய முன்னேற்றம்தான், ஆனாலும் நம் தேவைக்கு அதிகம்.

பாடப்புத்தகத்தில் வரும் இரண்டு டிரான்சிஸ்டர் மல்டிவைப்ரேட்டரும் இதே வகைதான். இரண்டில் ஒன்று மாற்றி ஒன்று எப்போதும் விழித்திருக்கும். எல்இடி அணைந்திருக்கும்போது மற்ற டிரான்சிஸ்டர் தன் கலெக்டர் ரெசிஸ்டர் வழியே மின்சாரத்தை வீணாக ஓட்டும். இரவு முழுக்கச் சொட்டும் குழாய் மாதிரி, கண்ணில் படாமலே தொட்டி காலியாகும்.

நமக்கு வேண்டியது இருட்டு நேரத்தில் இரண்டு டிரான்சிஸ்டரும் சேர்ந்து தூங்கும் சர்க்யூட். வெளிச்ச நேரத்தில் இரண்டும் சேர்ந்து விழிக்க வேண்டும். ஒன்று என்பிஎன், மற்றது பிஎன்பி என்று எதிர் வகைகளை இணைத்தால் அது நடக்கும். பிசி 547 ஒன்று, பிசி 557 ஒன்று. இரண்டும் சேர்த்து ஒரு டீயின் விலைகூட ஆகாது.

இணைப்பைச் சொல்கிறேன், வரைந்துகொள்ளுங்கள். 547-ன் எமிட்டர் மைனஸில். அதன் பேஸுக்கு பிளஸிலிருந்து 4.7 மெகா ஓம் ரெசிஸ்டர். அதன் கலெக்டரிலிருந்து 4.7 கிலோ ஓம் வழியாக 557-ன் பேஸுக்கு ஓர் இணைப்பு. 557-ன் எமிட்டர் பிளஸில், அந்த எமிட்டருக்கும் அதன் பேஸுக்கும் இடையே 10 கிலோ ஓம். 557-ன் கலெக்டரிலிருந்து 100 ஓம் ரெசிஸ்டர், பிறகு சிவப்பு எல்இடி, பிறகு மைனஸ். கடைசியாக, 557-ன் கலெக்டரிலிருந்து 0.47 மைக்ரோ ஃபாரட் கெபாசிட்டரும் 10 கிலோ ஓமும் வரிசையாக, 547-ன் பேஸுக்குத் திரும்பிப் போகின்றன. 4.7 மெகா ஓம் கடையில் இல்லையென்றால் 1 மெகா ஓம் ஐந்தை வரிசையாகக் கோத்துக்கொள்ளுங்கள்.

இது எப்படி வேலை செய்கிறது? இருட்டு நேரத்தில் 547-ன் பேஸ் மைனஸுக்கும் கீழே இழுக்கப்பட்டிருக்கிறது. 4.7 மெகா ஓம் வழியாகக் கெபாசிட்டர் மெல்ல மெல்ல நிரம்புகிறது. பேஸ் 0.6 வோல்ட்டை நெருங்கும்போது 547 லேசாகத் திறக்கிறது. அது 557-ஐத் திறக்கிறது. 557-ன் கலெக்டர் மேலே ஏறுகிறது, அந்த ஏற்றம் கெபாசிட்டர் வழியாக 547-ன் பேஸை இன்னும் மேலே தள்ளுகிறது. ஒன்றை ஒன்று தூக்கிவிட்டு இரண்டும் ஒரே மூச்சில் முழுதாகத் திறக்கின்றன. எல்இடி பளிச்சென்று எரிகிறது. கெபாசிட்டரின் தள்ளல் 5 மில்லி வினாடி அளவில் தீர்கிறது. 547 மூடத் தொடங்குகிறது, கலெக்டர் இறங்குகிறது, அந்த இறக்கம் பேஸை மைனஸுக்குக் கீழே தள்ளுகிறது. மறுபடி இருட்டு. இருட்டில் ஓடுவது அந்த 4.7 மெகா ஓம் வழியே போகும் மின்சாரம் மட்டும், ஏறக்குறைய 0.6 மைக்ரோ ஆம்பியர். தாலேனின் சிறு சுடர் இங்கே அவ்வளவுதான்.

இப்போது கணக்கு. எரியும்போது ஏறக்குறைய 10 மில்லி ஆம்பியர், வினாடிக்கு 5 மில்லி வினாடி. சராசரி 50 மைக்ரோ ஆம்பியர். இருட்டுச் செலவு 0.6. மொத்தம் 51 என்று வையுங்கள். நல்ல ஆல்கலைன் பென்டார்ச் செல் ஏறத்தாழ 2500 மில்லி ஆம்பியர் மணி தாங்கும். வகுத்தால் ஐந்து ஆண்டுக்கு மேல் வரும். பேட்டரி தானாக இழப்பதையும், கடைசிக் காலத்தில் மின்னழுத்தம் சரிவதையும் கழித்தாலும் சில ஆண்டுகள் உறுதி. சிவப்பு எல்இடிக்கு 1.8 வோல்ட் போதும் என்பதால் இரண்டு செல்லும் நன்றாகத் தளர்ந்த பிறகும் மின்னும். வெள்ளையோ நீலமோ போட்டால் அதற்கே 3 வோல்ட் வேண்டும், பேட்டரியில் பாதி மீதி இருக்கும்போதே விளக்கு மங்கிவிடும்.

5 மில்லி வினாடி வெளிச்சம் கண்ணுக்குத் தெரியுமா என்ற சந்தேகம் உங்களுக்கு வரும், வர வேண்டும். சுமார் பத்தில் ஒரு வினாடிக்குள் வரும் ஒளியை நம் கண் மொத்தமாகக் கூட்டிக்கொள்கிறது. 1885-ல் ப்ளோக் கண்டறிந்த விதி அது. ப்ளோந்தெலும் ரேயும் 1911-ல் தந்த ஒரு சூத்திரத்தைக் கலங்கரை விளக்குக்காரர்கள் பயன்படுத்துகிறார்கள். ஒளியின் வலிமையை எரியும் நேரத்தால் பெருக்கி, எரியும் நேரத்தோடு 0.2 வினாடியைக் கூட்டி வரும் எண்ணால் வகுக்க வேண்டும். அரை வினாடி எரியும் விளக்கையும் 10 மில்லி வினாடி எரியும் விளக்கையும் அதில் போட்டுப் பாருங்கள். அரை வினாடி விளக்கு 50 மடங்கு மின்சாரம் குடிக்கிறது, கண்ணுக்குத் தெரிவதோ 15 மடங்குதான். ஆகவே சிக்கனம் வேண்டுமென்றால் மினுக்கைக் குறுக்குவதுதான் வழி. வெகுதூரம் தெரிய வேண்டுமென்றால் எல்இடியின் வலிமையைக் கூட்டுங்கள், நேரத்தைக் கூட்டாதீர்கள்.

இனி, செய்து பார்க்கும்போது எங்கே தகராறு வரும் என்று சொல்லிவிடுகிறேன். மிக அதிகமாக வருவது எல்இடி மின்னாமல் நிலையாக எரிவது. பலர் டிரான்சிஸ்டர் கெட்டுவிட்டது என்று வேறு மாற்றுகிறார்கள். கெடவில்லை. 4.7 மெகா ஓம் வழியே வரும் அரை மைக்ரோ ஆம்பியரை 547 தன் பெருக்கத்தால் பெருக்குகிறது, 557 அதை மறுபடி பெருக்குகிறது. இருநூறை இருநூறால் பெருக்கினால் நாற்பதாயிரம். அந்த அரை மைக்ரோ ஆம்பியரே எல்இடியை முழுதாக எரியவைக்கப் போதும் என்றால் கெபாசிட்டருக்கு வேலையே இல்லை, விளக்கு அணையாது. எமிட்டருக்கும் பேஸுக்கும் இடையே வைத்த 10 கிலோ ஓம் அதைத் தடுக்கத்தான். அது முதல் 60 மைக்ரோ ஆம்பியரைத் தன் வழியே ஒதுக்கிவிடுகிறது.

ஆனால் பிசி 547-ல் ஏ, பி, சி என்று மூன்று தரம் உண்டு. ஏ தரத்தில் பெருக்கம் 110-லிருந்து 220 வரை, சி தரத்தில் 420-லிருந்து 800 வரை. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் கடைகளில் கை நிறைய அள்ளித் தரும் டிரான்சிஸ்டரில் கடைசி எழுத்தைப் பார்த்து வாங்குங்கள். சி வந்துவிட்டால் 4.7-ஐ 10 மெகா ஓமாக்குங்கள், கெபாசிட்டரை 0.22 ஆக்குங்கள், மினுக்கின் வேகம் மாறாது. எதிர்ப்பக்கத் தகராறு, விளக்கு எரியவே எரியாது. அப்போது அந்த 10 கிலோ ஓமை 22, 47 என்று ஏற்றிப் பாருங்கள். உங்கள் கையில் இருக்கும் டிரான்சிஸ்டருக்கு ஏற்றபடி இந்த இரண்டு ரெசிஸ்டரையும் சரிசெய்வதுதான் இந்த சர்க்யூட்டில் உள்ள உண்மையான வேலை. நான் தந்த எண்கள் தொடக்கத்துக்கு மட்டும்.

இன்னொன்றைச் செய்து காட்டுகிறேன், பாருங்கள். மேசையில் இந்த விளக்கு வினாடிக்கு ஒரு முறை மின்னுகிறது. பெரிய ரெசிஸ்டரின் இரண்டு முனையையும் என் விரலால் தொடுகிறேன். மினுக்கு வேகமாகிவிட்டது. என் தோல் ஒரு ரெசிஸ்டராக அதற்குப் பக்கத்தில் வந்து நிற்கிறது. மெகா ஓம் கணக்கில் வேலை செய்யும் சர்க்யூட்டில் வியர்வையும் சால்டரிங் ஃப்ளக்ஸும் கடல் காற்றின் ஈரமும் இதையேதான் செய்யும். சால்டர் வைத்து முடித்ததும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் பழைய பிரஷ் நனைத்துத் தேய்த்துக் கழுவுங்கள். நன்றாகக் காய்ந்த பிறகு வார்னிஷோ நகப் பூச்சோ தடவி மூடுங்கள். கடலுக்குப் போகும் விளக்கென்றால் முழுவதையும் எப்பாக்ஸியில் புதைத்துவிடுவது நல்லது.

கெபாசிட்டரிலும் கவனம் வேண்டும். எலெக்ட்ரோலிடிக் வகை எங்கும் கிடைக்கிறது, மலிவு. ஆனால் அதற்குள் ஒழுகல் மின்னோட்டம் உண்டு. அரை மைக்ரோ ஆம்பியரில் நிரப்பும் இடத்தில் அந்த ஒழுகலே நிரப்புவதை விட அதிகமாகிவிடலாம், விளக்கு ஒரு முறைகூட மின்னாது. செராமிக் அல்லது பாலியெஸ்டர் ஃபிலிம் போடுங்கள்.

அடுத்து, அளப்பது. இந்த மின்சாரத்தை மல்டிமீட்டரின் மைக்ரோ ஆம்பியர் முனையில் நேராக அளந்தால் எண்கள் ஆடும், எதையும் நம்ப முடியாது. பேட்டரிக்கும் சர்க்யூட்டுக்கும் இடையே 1 கிலோ ஓம் போடுங்கள். சர்க்யூட்டின் பக்கம் பிளஸ் மைனஸுக்குக் குறுக்கே 2200 மைக்ரோ ஃபாரட் கெபாசிட்டர் ஒன்றை வையுங்கள். எல்இடி கேட்கும் திடீர்த் தேவையைக் கெபாசிட்டர் கொடுத்துவிடும், 1 கிலோ ஓம் வழியே சராசரி மட்டும் ஓடும். அதன் குறுக்கே மில்லி வோல்ட்டில் அளந்தால் ஒரு மில்லி வோல்ட்டுக்கு ஒரு மைக்ரோ ஆம்பியர். முதலில் சர்க்யூட்டைக் கழற்றிவிட்டு, கெபாசிட்டரின் ஒழுகல் எவ்வளவு என்று ஒரு நிமிடம் பொறுத்துப் பார்த்து அதைக் கழித்துக்கொள்ளுங்கள்.

மைக்ரோகன்ட்ரோலர் போடக்கூடாதா என்று ஒருவர் முன்பே எழுதிக் கேட்டிருந்தார். போடலாம், நன்றாகவே இருக்கும். ஏடிடைனி 85 போன்ற சிப்பை உறக்கத்தில் வைத்து, உள்ளே இருக்கும் வாட்ச்டாக் கடிகாரத்தால் மட்டும் எழுப்பினால் இருட்டு நேரச் செலவு சில மைக்ரோ ஆம்பியர்தான். ஆனால் அதே வேலையை ஆர்டினோ ஊனோ போர்டில் செய்யாதீர்கள். அதில் யுஎஸ்பி சிப், ரெகுலேட்டர், பவர் விளக்கு எல்லாம் எப்போதும் விழித்திருப்பதால் சும்மா இருந்தாலே 40, 50 மில்லி ஆம்பியர் போகும். சிப்பின் கணக்கும் போர்டின் கணக்கும் ஆயிரக்கணக்கான மடங்கு வேறுபடும்.

எழுபதுகளில் இதற்கென்றே ஓர் ஐசி வந்தது, எல்எம் 3909. நேஷனல் செமிகண்டக்டர் செய்தது, இப்போது உற்பத்தியில் இல்லை. ஒரே ஒரு 1.5 வோல்ட் செல்லில் எல்இடியை மினுக்கும். 1.5 வோல்ட்டில் சிவப்பு எல்இடி எரியாதே! நேரம் கணக்கிடும் அதே கெபாசிட்டரை இருட்டு நேரத்தில் நிரப்பி, மின்னும் கணத்தில் பேட்டரியோடு வரிசையில் வைத்து இரண்டு வோல்ட்டுக்கு மேல் கொடுத்தார்கள். ஒரே உதிரியிடம் இரண்டு வேலை வாங்கிய அந்தச் சிந்தனையை நான் மிகவும் மதிக்கிறேன். இருட்டில் டார்ச்சைக் கண்டுபிடிக்கவும், படகுக் கட்டுமிதவையைக் காட்டவும் பயன்படும் என்று அதன் விவரத்தாளிலேயே போட்டிருந்தார்கள்.

தாலேனின் சூரிய வால்வையும் நாம் சேர்த்துக்கொள்ளலாம். 547-ன் பேஸுக்கும் மைனஸுக்கும் இடையே ஒரு ஃபோட்டோ டிரான்சிஸ்டர் வைத்தால் பகலில் அது அந்த அரை மைக்ரோ ஆம்பியரை விழுங்கிவிடும், விளக்கு மின்னாது. பொழுது சாய்ந்ததும் விட்டுவிடும். பலர் எல்டிஆர் வைத்துப் பார்த்து, இரவிலும் மின்னவில்லை என்கிறார்கள். சாதாரண எல்டிஆர் இருட்டிலும் 1 மெகா ஓம் அளவுக்குத்தான் ஏறும். மேலே 4.7, கீழே 1 என்றால் பேஸுக்குக் கிடைப்பது அரை வோல்ட்டுக்குச் சற்று மேல், 547 திறக்க அது போதாது.

பட்டன் செல்லில் ஓட்ட விரும்புகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. சிஆர் 2032-ல் இருப்பது 220 மில்லி ஆம்பியர் மணி. ஒரு வருடத்துக்கு 8760 மணி நேரம், ஆக நீங்கள் செலவழிக்கக் கூடியது 25 மைக்ரோ ஆம்பியர். மூன்று வினாடிக்கு ஒரு மினுக்கு என்று வைத்தால் அதற்குள் அடங்கும். அந்தச் சின்னச் செல்லுக்கு 10 மில்லி ஆம்பியர் பெரிய பாரம், குறுக்கே 47 மைக்ரோ ஃபாரட் ஒன்று போடுங்கள், ஒழுகல் குறைவான வகையாகப் பார்த்து. குழந்தை இருக்கும் வீட்டுக்கு என்றால் பட்டன் செல்லே வேண்டாம் என்பேன். அதைக் குழந்தை விழுங்கினால் உணவுக்குழாயில் சிக்கி இரண்டு மணி நேரத்துக்குள் திசுவை அரித்துவிடும். அப்படி நடந்தால் காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும். செல் இருக்கும் அறையைத் திருகாணி போட்டு மூடாமல் எந்த விளக்கையும் யாருக்கும் கொடுக்காதீர்கள்.

மேசையில் உதிரிகளும் நான்கு மல்டிமீட்டரும் இருக்கின்றன. இரண்டிரண்டு பேராக வாருங்கள். ஒருவர் கோக்கட்டும், மற்றவர் மில்லி வோல்ட்டைப் படித்து எழுதட்டும். எண் 100-க்கு மேல் போனால் என்னைக் கூப்பிடுங்கள், எங்கே போகிறது என்று சேர்ந்து தேடுவோம்.